வீடு மாறப் போகிறீர்களா? இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்



சென்ற ஆண்டு ரமலானுக்குச் சற்று முன்பு, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பம் மேலப்பாளையத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தது. கணவருக்கு அங்கே ஒரு துணிக்கடையின் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் உம்மா என மொத்தம் ஐந்து பேர். புறநகரில் ஒரு வீட்டை மூன்று லட்சம் ரூபாய்க்கு ‘லீஸ்’ பேசியிருந்தார்கள். மனைவியின் நகையை விற்றார்கள், மச்சானிடம் கைமாற்று வாங்கினார்கள். குறைந்த தொகையை நமது அறக்கட்டளை ஜகாத் நிதியிலிருந்து கொடுத்தது. லாரி இரவு புறப்பட்டது, மறுநாள் சாமான் இறங்கியது. நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எட்டாவது மாதம் அந்த வீட்டுக் கதவில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்த உரிமையாளர் தவணை கட்டவில்லை. அவர்கள் கையில் இருந்தது பதிவு செய்யாத ஒரு முத்திரைத்தாள் மட்டுமே. அந்த மூன்று லட்சம் இன்றுவரை திரும்பவில்லை. இதற்கிடையே எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் ஆண்டின் நடுவில் பள்ளி மாற முடியாமல் மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். உம்மாவுக்கு இங்கே வீட்டுக்கே வந்துகொண்டிருந்த சர்க்கரை மாத்திரை அங்கே நின்றுபோய், காலில் புண் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. பணம் கொடுக்கும்போது “வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தீர்களா?” என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. நல்ல எண்ணத்தோடு கொடுத்தோம், விசாரிக்காமல் கொடுத்தோம். அந்தக் குறையை உணர்ந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சென்னை, கோவை, திருப்பூர் என்று நம் மக்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போவது தவறில்லை. சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு இரவு போதும். குடும்பத்தின் பணமும், படிப்பும், மருந்தும், அரசிடமிருந்து கிடைக்கும் உரிமைகளும் சேதமில்லாமல் போய்ச் சேர இரண்டு மாதமாவது ஆகும். அந்த இரண்டு மாதத்தில் எதை, எந்த வரிசையில் செய்வது என்பதைச் சொல்வதே நம் நோக்கம்.

முதலில் கணக்கு

கூடுதல் சம்பளம் என்றதும் புறப்பட்டுவிடுகிறோம். ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைச் சொல்கிறோம். இங்கே கணவரின் வருமானம் 14,000 ரூபாய், மனைவி பீடி சுற்றிச் சம்பாதிப்பது 4,000, ஆக 18,000. வாடகையும் மின்சாரமும் சேர்த்து 4,000 போனால் கையில் நிற்பது 14,000. அங்கே சம்பளம் 22,000. வாடகை 9,000, பஸ் மற்றும் ரயிலுக்கு 1,500, குடிதண்ணீர் கேனுக்கு 600, மின்சாரத்துக்கு 900 போனால் மிஞ்சுவது 10,000. சம்பளம் 8,000 கூடியும் கையில் நிற்பது 4,000 குறைகிறது.

இந்தக் கணக்கில் பலர் மறந்துவிடுவது பெண்களின் வருமானத்தை. பீடி வேலை நம் ஊரோடு ஒட்டிய வேலை. கடையில் இலையும் தூளும் வாங்கி, வீட்டில் சுற்றிக் கொடுக்கும் வசதி சென்னையில் கிடைக்காது. எனவே அந்த 4,000-ஐ அங்கே எப்படி ஈடுகட்டுவது என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

பீடித் தொழிலாளியாக வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படும் சகோதரிகள் ஊரைவிட்டுப் போகும் முன் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். பி.எஃப். கணக்கில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா, கணக்கு எண் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். இங்கே இருக்கும்போது அது ஒரு நடை, சென்னைக்குப் போன பிறகு அது 600 கிலோமீட்டருக்கும் அதிகமான பயணம். ‘காசிம்’ என்பது ஒரு தாளில் ‘காஸிம்’ என்றும், ‘பாத்திமா’ என்பது ‘ஃபாத்திமா பீவி’ என்றும் இருப்பதால் பணம் நிற்கும் வழக்குகள் நம் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

வீடு பார்க்கும்போது

வீடு கிடைப்பதே பெரிய பாடு என்பது உண்மை. பெயரைக் கேட்டதும் “வீடு முடிந்துவிட்டது” என்று சொல்பவர்களை நம்மில் பலர் சந்தித்திருக்கிறோம். பெயரைப் பார்க்காமல் வீடு கொடுத்து, பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்ளும் உரிமையாளர்களையும் அறிவோம். தேடலுக்கு நேரம் பிடிக்கும் என்பதால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறோம். அவசரத்தில் இருப்பவர்தான் தரகர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். போகிற பகுதியில் உள்ள பள்ளிவாசலுக்கு ஒரு ஜும்ஆவுக்குப் போய், நிர்வாகிகளிடமும் இமாமிடமும் சொல்லி வையுங்கள். பல நல்ல வீடுகள் தரகரிடம் வராமல் அப்படித்தான் கைமாறுகின்றன.

வீட்டைப் பார்க்கும்போதே கேட்டுத் தெளிய வேண்டியவை சில உண்டு. எத்தனை பேர் குடியிருக்கலாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் தங்கலாமா, இறைச்சி சமைக்கலாமா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் செலவு யாருடையது, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது நமக்குத் தெரியும். ஒரே இணைப்பில் பல குடித்தனம் இருந்து, உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அந்தச் சலுகை நம் கைக்கு வராது. பின்னால் மனக்கசப்பு வருவதைவிட முன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

லீஸ், ஒத்தி: இருமுறை யோசியுங்கள்

நெல்லையில் ஒத்தி என்றும் சென்னையில் லீஸ் என்றும் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான். பெரும் தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்பப் பெறுவது. மாதவாடகை மிச்சம் என்று தோன்றும். இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று மார்க்கம் சார்ந்தது. கொடுத்த தொகை முழுவதும் திரும்பி வருவதால் அது கடன். அந்தக் கடனுக்காக வீட்டை இலவசமாக அனுபவிப்பது வட்டியின் வகையைச் சேரும் என்று ஆலிம்கள் எச்சரிக்கிறார்கள். ஐயம் உள்ளவர்கள் நம் பள்ளிவாசல் இமாமிடம் தங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

மற்றொன்று சட்டம் சார்ந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ பெற்றுக்கொண்டு சொத்தை ஒத்திக்கு விடுவதென்றால் அந்த ஆவணம் பதிவு செய்யப்பட வேண்டும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். நூறு ரூபாய்க்கே இந்த விதி. நாமோ மூன்று லட்சத்தை வெறும் முத்திரைத்தாளை நம்பிக் கொடுக்கிறோம். உரிமையாளர் ஏற்கெனவே வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருந்து தவணை கட்டத் தவறினால், வங்கி 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். அப்போது குடியிருப்பவரின் பதிவில்லாத தாளுக்குப் பெரிய மதிப்பு இருக்காது.

எனவே லீஸைத் தவிர்த்து மாதவாடகைக்குப் போவதே பாதுகாப்பு என்பது நம் ஆலோசனை. எந்த முறையானாலும் முன்பணம் கொடுக்கும் முன் மூன்று காகிதங்களைக் கேளுங்கள். சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது, பத்திரத்தின் நகல். மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். வேறு பெயர் இருந்தால் வாரிசா, அதிகாரம் பெற்றவரா என்று விசாரிக்க வேண்டும். பத்திர எண்ணைக் கொண்டு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அடமானம் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். பார்க்கத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், பத்து நிமிட வேலைதான்.

எழுத்தில் இருக்கட்டும்

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தொழுகையோ நோன்போ அதன் பொருள் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதும் சாட்சி வைப்பதும்தான் அதன் பொருள். அந்த வேதத்தை ஓதும் நாம், “நல்ல மனுஷர், எழுத்தெல்லாம் எதற்கு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எழுதிக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது. இருவர் நினைவும் பிசகாமல் காக்கும் ஏற்பாடு அது.

தமிழ்நாட்டில் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தது என்பதற்காக உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. பத்து மாத முன்பணம் கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை என்றாலும், சட்டம் தெரிந்தவராகப் பேசும்போது எதிரில் இருப்பவரும் இறங்கி வருகிறார்.

முன்பணத்தை ரொக்கமாகத் தராதீர்கள். வங்கி வழியாகவோ காசோலையாகவோ உரிமையாளரின் பெயருக்கே செலுத்துங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர், குழாய், கதவு, மின்விசிறி எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் மீட்டரின் எண்ணையும் படம் எடுங்கள். இப்போது இருக்கும் வீட்டைக் காலி செய்யும் நாளிலும் அப்படியே செய்யுங்கள். முன்பணத்தைத் திரும்பப் பெறும்போது பேச்சு வளராது.

எப்போது மாறுவது?

ஸஃபர் மாதம் ஆகாது என்று வீடு மாற்றத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அப்படிப்பட்ட பீடை மாதம் எதுவும் இல்லை என்பதை நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கிவிட்டார்கள். பார்க்க வேண்டிய நாட்காட்டி பள்ளிக்கூடத்தின் நாட்காட்டி. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் மாறுவதுதான் பிள்ளைகளுக்கு நல்லது. வேலை அவசரம் என்றால் தகப்பனார் மட்டும் முதலில் போய், நண்பர்களோடு தங்கி, வீட்டை நிதானமாகப் பார்த்து வைக்கலாம். குடும்பம் மே மாதத்தில் பின்தொடரலாம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உள்ள பிள்ளையை ஆண்டின் நடுவில் பிடுங்கி நடாதீர்கள். ஓர் ஆண்டு பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தாலும் பாதகமில்லை.

தவிர்க்க முடியாமல் ஆண்டின் நடுவில் போக நேர்ந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை வேறு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற உரிமை உண்டு. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வந்து சேரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. நாம் முதலில் சொன்ன அந்த மகளின் பெற்றோருக்கு இது தெரிந்திருந்தால் அவள் மூன்று மாதம் வீட்டில் இருந்திருக்க மாட்டாள்.

அதைவிட முக்கியமான ஒன்று. ஊர் மாறும்போது, பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அரசுப் பள்ளிப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண்பிள்ளைகளுக்குத்தான் புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்படியே. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. நடுவில் ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்குப் போனாலும் இந்த வாய்ப்புகள் கைவிட்டுப் போகக்கூடும். கட்டணம் கட்டி உரிமையை இழக்கும் நிலை இது. எனவே வீடு பார்க்கும் முன்பே அருகில் அரசுப் பள்ளி எங்கே என்று பாருங்கள். பள்ளியை முடிவு செய்துவிட்டு, நடக்கும் தூரத்தில் வீடு தேடுங்கள்.

மக்தப் மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் எந்த ஜுஸ்வு வரை வந்திருக்கிறார்கள், எந்த சூராக்கள் மனனம் என்பதை உஸ்தாதிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது ஊரில் மீண்டும் அலிஃப், பே என்று ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

காகிதங்களின் வரிசை

முகவரி மாற்றத்தில் ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் வரிசை முக்கியம்.

முதலில் வாடகை ஒப்பந்தம். அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர்.

அடுத்து சமையல் எரிவாயு. ஒரே ஊருக்குள் மாறினால் சிலிண்டரைத் திருப்பித் தர வேண்டியதில்லை, ஏஜென்சிக்குச் சொல்லி இணைப்பை மாற்றிக்கொள்ளலாம். வேறு ஊருக்குப் போனால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்கே ஒப்படைத்து, வைப்புத் தொகையைத் திரும்பப் பெற்று, அதற்கான மாற்றுச் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டி அங்கே அன்றைய வைப்புத் தொகையைக் கட்டினால் இணைப்பு கிடைக்கும். அடுப்பு உங்களுடையது, எடுத்துச் செல்லலாம். இணைப்பை ஒப்படைக்காமல் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கே புதிய இணைப்பு கேட்கும்போது உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருப்பதாகக் காட்டும்.

மூன்றாவது ஆதார். குடும்பத் தலைவரின் முகவரியை முதலில் மாற்றிவிட்டால், மற்றவர்கள் அவருடைய ஒப்புதலைக் கொண்டே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஐயம் இருந்தால் 1947 என்ற எண்ணில் கேட்கலாம்.

நான்காவது குடும்ப அட்டை. பொது விநியோகத் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். முகவரி மாறினால் கடையும் மாறும். உதவி எண் 1967. மகளிர் உரிமைத் தொகை பெறும் சகோதரிகள் அது வரும் வங்கிக் கணக்கை மூடிவிட வேண்டாம். கைபேசி எண்ணையும் மாற்ற வேண்டாம். ஊர் மாறினாலும் அந்தக் கணக்கிலேயே பணம் வரும்.

ஐந்தாவது வாக்காளர் பட்டியல். முகவரி மாற்றத்துக்கு இப்போது படிவம் 8 கொடுக்க வேண்டும், அதே தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்குப் போனாலும் படிவம் ஒன்றுதான். உதவி எண் 1950. “ஓட்டு ஊரில் இருக்கட்டும்” என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். நாம் வசிக்காத வீட்டு முகவரியில் பெயர் இருந்தால் சரிபார்ப்பின்போது நீக்கப்பட வாய்ப்பு இருக்கிறது. பெயர் நீக்கப்பட்டது தேர்தல் நாளில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

நோயாளிகளும் முதியோரும்

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நாம் வீடு மாறியது அந்தத் தன்னார்வலருக்குத் தெரியாது. புறப்படும் முன் அவரிடம் சொல்லி, கையில் ஒரு மாதத்துக்கான மாத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் முதல் வாரமே அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பழைய சீட்டைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். காசநோய்க்கு மருந்து உண்பவர்கள் ஒரு நாள்கூட விடக் கூடாது. சிகிச்சையைப் புதிய ஊருக்கு மாற்றித் தரும்படி இங்கேயே கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகள் தங்கள் பிக்மி எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் தேவைப்படும்.

முதியோர் உதவித்தொகையோ விதவை உதவித்தொகையோ பெறுபவர்கள், சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் அலுவலகத்தில் முகவரி மாற்றத்தை எழுதிக் கொடுங்கள். விசாரணைக்கு வருபவர் பூட்டிய வீட்டைப் பார்த்தால் “ஊரில் இல்லை” என்று எழுதிவிடுவார். ஒருமுறை நின்ற தொகையைத் திரும்பப் பெறப் பல மாதங்கள் அலைய வேண்டும்.

சாமான் கட்டும் நாள்

எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. பழைய பீரோவுக்கு லாரியில் ஆகும் இடமும், மாடி ஏற்றும் கூலியும், அதன் மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கலாம். புது வீட்டின் கதவையும் மாடிப்படியையும் அளந்து வந்து, எது போகும் எது போகாது என்று முடிவு செய்யுங்கள். மிஞ்சுவதைத் தேவையுள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கேட்டால் நம் அலுவலகத்தில் பெயர்கள் இருக்கின்றன.

ஊருக்குள் மாறுவதென்றால் குட்டியானை இரண்டு நடையில் முடித்துவிடும். சென்னைக்கென்றால் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ரிட்டன் லோடு லாரியை விசாரியுங்கள், வாடகை குறையும். நகருக்குள் பகலில் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அதிகாலையில் போய்ச் சேரும்படி புறப்பட வேண்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி, சுங்கச்சாவடி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பாதியைச் சாமான் இறங்கிய பிறகே கொடுங்கள். விளம்பரம் பார்த்துக் குறைந்த விலைக்கு ஒப்படைத்து, வழியில் லாரியை நிறுத்திக் கூடுதல் பணம் கேட்கப்பட்டவர்கள் உண்டு.

ஒவ்வொரு மூட்டைக்கும் எண் போட்டு, என்ன இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்துத் துடைத்து, நிமிர்த்தியே ஏற்றுங்கள். இறக்கியதும் சில மணி நேரம் கழித்துப் போடுங்கள். கிரைண்டரின் குழவியைத் தனியே கழற்றிக் கட்டுங்கள். முஸ்ஹஃபுகளைத் தனிப் பையில், மற்ற சாமானுக்கு அடியில் போகாதபடி வையுங்கள். முதல் இரவுக்கென்று ஒரு பை வேண்டும். ஒரு பாத்திரம், அரிசி, தேயிலை, போர்வை, சோப்பு, கொசுவத்தி, சார்ஜர், மருந்து, தொழுகை விரிப்பு.

நகை, பத்திரம், ஆதார், மாற்றுச் சான்றிதழ், மருத்துவச் சீட்டு ஆகியவை லாரியில் ஏறக் கூடாது. அவை உங்கள் தோளில் தொங்கும் பையில் உங்களோடு ரயிலில் வர வேண்டும்.

விடைபெறுதலும் அறிமுகமும்

புறப்படும் முன் மளிகைக் கடை, பால்காரர், சீட்டு, கைமாற்று எல்லாக் கணக்கையும் முடித்துவிடுங்கள். முடியாதவற்றைத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். அண்டை வீட்டாரிடம் பிழை பொறுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊர் ஜமாஅத்தின் தலைக்கட்டு சந்தாவை நிறுத்தாதீர்கள். பிள்ளைக்கு நிகாஹ் பேசும்போது ஜமாஅத் கடிதம் இங்கிருந்துதான் போக வேண்டும். புதிய மஹல்லாவிலும் முதல் மாதமே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பெருநகரத்தில் ஒரு மவ்த் நேர்ந்துவிட்டால், கபரஸ்தானில் இடம் கேட்க யாரிடம் போவது என்று தெரியாமல் தவித்த குடும்பங்கள் உண்டு. துக்கத்தின் நடுவில் அறிமுகம் தேட வேண்டிய நிலை யாருக்கும் வர வேண்டாம். கிப்லாத் திசையையும் பள்ளிவாசலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நம் நாட்டுப்பகுதியில் அது நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும்.

முதல் நாள் மாலையே இருபுறமும் உள்ள வீடுகளுக்குப் போய், எந்த மதத்தவராக இருந்தாலும், பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் வலியுறுத்தியதை நாம் அறிவோம். நள்ளிரவில் உம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தால் கதவைத் தட்ட வேண்டியது பக்கத்து வீட்டைத்தான்.

நம் அலுவலகம் செய்யப்போவது

வீட்டு முன்பணத்துக்கு உதவி கேட்டு வருபவர்களிடம், இனி மேலே சொன்ன மூன்று காகிதங்களையும் வில்லங்கச் சான்றையும் பார்த்த பிறகே உதவுவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. தொகை காசோலையாக உரிமையாளரின் பெயரில் கொடுக்கப்படும். லீஸுக்கும் ஒத்திக்கும் இனி உதவி இல்லை. இதைக் கெடுபிடி என்று சிலர் வருந்தக்கூடும். ஜகாத் பணம் நம்மிடம் உள்ள அமானிதம். ஏழையின் கையில் போய்ச் சேருவதோடு நம் பொறுப்பு முடிவதில்லை, அது வீணாகாமல் பார்ப்பதும் நம் கடமை என்பதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டோம்.

வீடு மாறும் எண்ணம் உள்ளவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை அலுவலகத்துக்கு வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரை யாராவது ஒருவர் இருப்போம். பெண்கள் தனியே வந்து பேசவும் ஏற்பாடு இருக்கிறது.

நாம் முதலில் சொன்ன குடும்பம் இப்போது மாதவாடகை வீட்டில் இருக்கிறது. உம்மாவின் கால் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மகள் அரசுப் பள்ளியில் சேர்ந்து படிக்கிறாள். மூன்று லட்சத்துக்கான வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்காக துஆ செய்யுங்கள். புதிய வீடுகளுக்குப் போகும் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் அவ்வீடுகளை அமைதியும் பரக்கத்தும் நிறைந்த இல்லங்களாக வல்ல அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.